காலிக் கட்டம் விடாதவர்

அந்த மனிதரின் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. நான் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் யாருமே கேட்டதில்லை. செத்துப் போனவரைப் பற்றிக் குறையாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன். அவர் உயிரோடு இருந்தபோதே நேரில் போய்ச் சண்டை போட்டவள் நான். முதுகுக்குப் பின்னால் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எல்லாரும் அவரை ரைட்டர் என்று கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவர் இல்லை. நாமக்கல்லில் லைசென்ஸ் ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்து, டிரைவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தவர். எங்கள் ராசிபுரம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் லாரியில் ஏறினவர். அவர்களில் பலருக்கு அந்தக் காலத்தில் பாரத்தைப் படிக்கவும் தெரியாது, நிரப்பவும் தெரியாது. ஆகவே ரைட்டர் மேசையைத் தாண்டாமல் யாரும் ஸ்டீயரிங் பிடித்ததில்லை. என் அப்பா உட்பட.

ஆளைச் சொல்கிறேன். ஒல்லியான உடம்பு. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் நீலப் பேனா ஒன்று, கருப்புப் பேனா ஒன்று. கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் ஒரு பக்கத்துக் காம்பு உடைந்து நூல் சுற்றியிருக்கும். இந்தக் கண்ணாடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, கோட்டைத் தொடாமல் உட்கார வைப்பார். அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு பாரத்தில் நாற்பது கட்டம் இருந்தால் நாற்பதும் நிரம்பியிருக்கும். அதுதான் அவருடைய பெருமை.

“கட்டம் காலியா இருந்தா பாரம் திரும்பி வந்துரும் சாமி. எழுதி வெச்சுக்க” என்பார்.

‘எழுதி வெச்சுக்க’ என்பது அவர் வாயில் ஊறிப்போன பேச்சு. எதைச் சொன்னாலும் கடைசியில் அதைச் சேர்ப்பார். சொல்வதற்கு முன்னால் பேனா மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுவார். டக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பதில் வரப் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மேல்முறையீடு கிடையாது.

சரி, நாற்பது கட்டமும் எப்படி நிரம்பின? டிரைவருக்குத் தன் ரத்த வகை என்னவென்று தெரியாது. ரைட்டர் தலையைக்கூடத் தூக்க மாட்டார். ‘ஓ பாசிட்டிவ்’ என்று எழுதிவிடுவார். அடையாளம் என்று ஒரு கட்டம் வரும். ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று எழுதிவிடுவார். மச்சம் இருக்கிறதா என்று ஒருத்தர் கையையும் அவர் திருப்பிப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேருக்கு ஒரே ரத்தம், ஒரே மச்சம்.

அப்பாவுக்குச் சேலத்தில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது லைசென்ஸைக் காட்டி ஓ பாசிட்டிவ் என்று சொன்னார். அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பி பாசிட்டிவ். நர்ஸம்மா சிரித்துவிட்டு, நாமக்கல் பக்கமிருந்து வருகிற டிரைவர்கள் எல்லாருமே லைசென்ஸில் ஓ பாசிட்டிவாகத்தான் இருக்கிறார்கள் என்றார். அப்பாவும் சிரித்தார். ஊருக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதே சிரிப்பு வரவில்லை.

பாரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரில் எவனுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்த மேசைக்குத்தான் போனான். பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, போர் எத்தனை அடி போட்டால் தண்ணீர் வரும், நாய் கடித்தால் எத்தனை ஊசி, பத்திரத்தில் பெயர் தப்பாக இருந்தால் யாரைப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் பேனா டக் என்று மூடும். பதில் வரும். வெளியூர்க்காரர் ஒருத்தர் பனமரத்துப்பட்டிக்கு எந்தப் பஸ் என்று கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். ரைட்டர் அந்த ஊருக்கு ஒரு நாளும் போனவர் இல்லை. ஆனால் எங்கே ஏறி, எங்கே இறங்கி, எந்தக் கடை முன்னால் நிற்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னார். அந்த மனிதர் இரண்டு தடவை கும்பிட்டுவிட்டு, பனமரத்துப்பட்டிக்கு நேர் எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏறினார்.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். யாரையும் ஏமாற்றிச் சம்பாதித்தவரும் இல்லை. ஒரு கேள்வி காலியாகக் கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். பாரத்துக் கட்டமும் மனிதர் கேட்கிற கேள்வியும் அவருக்கு ஒன்றுதான். நிரப்பிவிட வேண்டும்.

அது சில சமயம் மருந்தாகவும் இருந்தது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா கல்கத்தாவுக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிப் போனார். திரும்பி வருகிற வழியில் ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். பத்தாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி ரைட்டர் மேசைக்குப் போனாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கல்கத்தாவிலிருந்து எந்தக் கிழமை கிளம்பினார் என்று. அம்மா சொன்னாள். டக்.

“நாளான்னைக்குக் காலைல வண்டி உங்க ஊட்டு முன்னால நிக்கும். எழுதி வெச்சுக்கம்மா.”

அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். அப்பா வந்தது அதற்கு ஆறு நாள் கழித்து. வழியில் பாலம் உடைந்து வண்டிகள் வரிசையாக நின்றிருந்தனவாம். அம்மா வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னாள், ரைட்டர் சொன்ன மாதிரியே வந்துவிட்டார் என்று. நான் விரல் விட்டு எண்ணியிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் லாரி கேபினில் வளர்ந்தவள். பள்ளி லீவு விட்டால் அப்பாவோடு போய்விடுவேன். பதினைந்து வயதில் காலி மைதானத்தில் லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்தியிருக்கிறேன். எனக்கு வண்டி ஓட்ட வேண்டும். அப்பாவின் வண்டியைவிடப் பெரிய வண்டியாக ஓட்ட வேண்டும். ஆசை அவ்வளவுதான். மேகம், பறவை, அந்த மாதிரிக் கதையெல்லாம் என்னிடம் கிடையாது.

பிளஸ் டூ படிக்கிறபோது எங்கள் பள்ளிக்கு ஒரு பெண் வந்து பேசினார். பயணிகள் விமானத்தில் துணை விமானி. கணக்கும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், உடல் பரிசோதனையில் தேற வேண்டும், பிறகு பயிற்சிப் பள்ளி என்றார். அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். கண்ணாடி பற்றி அதில் ஒன்றும் இல்லை. நான் எட்டாவதிலிருந்து கண்ணாடி போடுகிறவள். கேட்கக் கையைத் தூக்கினேன். நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை வாங்கி நன்றியுரை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நன்றியுரையை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

வீட்டில் தாளைக் காட்டினேன். அம்மா, பொண்ணுக்கு எதற்கு என்று தொடங்கினாள். அப்பா அவளைப் பேசவிடவில்லை. ஓட்டுவது என்று ஆகிவிட்டால் பெரியதாகவே ஓட்டட்டும், செலவுக்கு வழியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். லாரி டிரைவர் ஒருத்தர் தன் மகளைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. அதை இன்று வரை நான் மறக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான். கண்ணாடி போட்டவளுக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா?

லைசென்ஸ் என்று வந்ததும் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். லாரிக்கு என்ன, விமானத்துக்கு என்ன, லைசென்ஸ் லைசென்ஸ்தானே! உலகத்தில் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கண் டாக்டரிடம் போகவில்லை. அந்தப் பெண் விமானிக்கு ஒரு கடிதம் போடவில்லை. ராசிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போய் உட்காரவில்லை. பாரம் எழுதுகிறவரிடம் போனோம்.

அன்றைக்கு மேசையில் கூட்டம். அப்பா எனக்காக முன்னால் போய் நின்றார்.

“ஏனுங்க ரைட்டரே, பாப்பா பைலட்டுக்குப் படிக்கறேங்குது. கண்ணாடி போட்டிருக்குது. லைசென்ஸ் குடுப்பாங்களா?”

ரைட்டர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தன் சோடாபுட்டி வழியாக என் கண்ணாடியைப் பார்த்தார். பவர் எவ்வளவு என்று கேட்டார். ஒன்றே முக்கால் என்றேன்.

டக்.

“முடியாதுங்க. ஹெவி லைசென்ஸுக்கே கண்ணாடி போட்டவன ரெண்டு தடவ யோசிப்பாங்க. இது ஆகாசத்துல போறது. நீங்க எந்தப் படத்துலயாச்சும் கண்ணாடி போட்ட பைலட்டப் பாத்திருக்கீங்களா? போட்டாக் கருப்புக் கண்ணாடி போடுவான். அது வெயிலுக்கு.”

பக்கத்தில் பாரத்துக்கு நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். மேலே போகிறபோது கண்ணாடி கழன்று விழுந்தால் கிளீனரா இறங்கிப் போய் எடுப்பான் என்றார் ஒருத்தர். எனக்குக் கண்ணாடி இல்லாமல் அவர்கள் முகம் சரியாகத் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது.

நான் கேட்டேன். அதையாவது கேட்டேன்.

“மாமா, அந்த ரூல நீங்க பாத்திருக்கீங்களா?”

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கண்ணாடியைத் தன் சட்டை நுனியில் துடைத்து, பிரியமாக என் கையில் கொடுத்தார்.

“முப்பது வருசமா ரூலுக்குள்ளதான் சாமி குடித்தனம் பண்ணறேன். நீ டீச்சருக்குப் படி. டீச்சருக்குக் கண்ணாடி லட்சணமா இருக்கும். எழுதி வெச்சுக்க.”

எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எங்களிடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா அந்த அச்சடித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்பி வருகிறபோது பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமல், ரைட்டரே சொல்லிவிட்டார் என்றார். நான் தலையை ஆட்டினேன். பதினேழு வயதில் ஒரு வாழ்க்கையை முடிவு செய்ய எங்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமானதாக இருந்தது.

நான் டீச்சருக்குப் படித்தேன். கணக்கு டீச்சர். இன்றைக்கும் அவர் எழுதின கட்டத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை கேவலம் என்று சொல்லவில்லை. நான் கேட்ட வேலை இல்லை என்கிறேன்.

பன்னிரண்டு வருடம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளை ஒரு போட்டிக்காக டெல்லிக்குக் கூட்டிப் போனேன். அதுதான் என் முதல் விமானப் பயணம். இறங்குகிறபோது விமானி தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கண்ணில் கண்ணாடி. கருப்புக் கண்ணாடி இல்லை. என்னுடையதைப் போலவே வெள்ளைக் கண்ணாடி, என்னுடையதைவிடக் கொஞ்சம் தடிமன். நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் பையால் இடித்தார்கள். அவர் சட்டையில் இருந்த பெயர் தமிழ்ப் பெயராகத் தெரிந்ததால் தமிழிலேயே கேட்டேன்.

“சார், அது பவர் கண்ணாடிங்களா?”

“ஆமாம்மா.”

“எப்ப இருந்து போடறீங்க?”

ஸ்கூல் படிக்கும்போதிருந்து என்றார். கண்ணாடி போட்டால் வேலை கிடையாது என்பார்களே என்றேன். அவர் சிரித்தார். கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான், அது எப்போதிருந்தோ இருக்கிற நடைமுறை என்றார். சண்டை விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், அதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள் என்றார். பையிலிருந்து இரண்டாவது கண்ணாடியை எடுத்தும் காட்டினார். பிள்ளைகள் மிஸ் வாங்க மிஸ் வாங்க என்று இழுத்தார்கள். நான் படியில் இறங்கினேன். அழுகை இல்லை. கோபம்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“நானு படிக்காதவன் சாமி. அவரு எழுதற ஆளு” என்றார்.

அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? படிக்காதவர் எழுதுகிறவரை நம்பினார். அது அவர் குற்றமா? எழுதுகிறவன் என்று பெயர் வாங்கினவனுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் நாமக்கல்லுக்குப் போனேன். அதே மரம், அதே மேசை. ரைட்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். டீச்சராயிட்டியாமே சாமி, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று சந்தோஷப்பட்டார். கண்ணாடி போட்ட விமானியைப் பார்த்தேன் என்று சொன்னேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அது வெளிநாட்டு விமானமாக இருக்கும் என்றார். அவர் தமிழ் பேசினார் என்றேன். அப்படியானால் ரூலை மாற்றிவிட்டார்கள், போன வருடம்தான் மாற்றினார்கள் என்றார். அவர் ஸ்கூலிலிருந்தே கண்ணாடி போடுகிறார் என்றேன். பேனா மூடி டக் டக் என்று இரண்டு தடவை மூடியது. ஒருவேளை பெரிய இடத்துச் சிபாரிசு இருந்திருக்கும் என்றார்.

நான் அவர் மேசை மேலிருந்த காலிப் பாரம் ஒன்றை எடுத்தேன். லாரி லைசென்ஸுக்கு வருகிறவர்கள் தங்கள் உடல்நிலை பற்றி எழுதிக் கொடுக்கிற பாரம். அவர் ஆயிரக்கணக்கில் நிரப்பின பாரம். இவ்வளவு தூரத்திலிருந்து வண்டியின் நம்பர் பலகையைப் படிக்க முடிகிறதா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குள்ளேயே, கண்ணாடி அணிபவரானால் கண்ணாடியுடன், என்று இருக்கிறது. எனக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுத்தபோது படித்திருந்தேன். அந்த வரியில் விரலை வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

“படிங்க மாமா.”

அவர் நூல் கட்டின கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பாரத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறார். இத்தனை வருடமும் அவர் கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார். கேள்வியைப் பார்த்ததே இல்லை. ‘ஆம்’ என்று எழுத வேண்டிய இடம் எது என்று கைக்குத் தெரியும். அது போதும்.

“இத எப்பச் சேத்தாங்க?” என்றார் மெதுவாக.

“தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க. எங்கப்பன் வேற எடத்துல போய்க் கேட்டிருப்பாருங்க.”

என் குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாரத்தை மற்றப் பாரங்களோடு சேர்த்துத் தட்டி அடுக்கினார். அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“தெரியாதுன்னு சொன்னா, நாளைக்கு இந்த மேசைக்கு யாரு சாமி வருவா?”

அந்த ஒரு வாக்கியம்தான் அவர் வாழ்நாளில் எனக்குச் சொன்ன நிஜம் என்று நினைக்கிறேன். நான் பதில் சொல்வதற்குள் எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தர் தலையை நீட்டி, மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டார். ரைட்டர் என்னைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். டக். பதில் சொல்ல ஆரம்பித்தார்.

நான் வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்கு மட்டும் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில், மல்லூர் பக்கத்து டிரைவர் ஒருத்தர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. டயர் கழற்றுகிறபோது போனது. விரல் போனால் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள் என்று ரைட்டர் சொன்னாராம். அன்றோடு வண்டியை விட்டவர், ஒரு கோழிப்பண்ணையில் காவலுக்கு இருக்கிறார். டாக்டரிடம் காட்டி, ஆபீசில் கேட்டீர்களா என்றேன். ரைட்டரே சொன்ன பிறகு எதற்குக் கேட்பது என்றார். மூன்று விரலால் சோற்றைப் பிசைந்து அழகாகச் சாப்பிட்டார். அந்தக் கையால் ஸ்டீயரிங் பிடிக்க முடிந்திருக்குமா முடிந்திருக்காதா, எனக்குத் தெரியாது. யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பாரமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு மேசைக்கு வேலை குறைந்தது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. சாவுக்குப் பெருங்கூட்டம் என்று சொன்னார்கள். இருக்கும். ஊருக்கு அவரைப் பிடிக்கும். நடக்கும், நடக்காது என்று அடித்துச் சொல்கிற ஆள் ஊருக்கு எப்போதும் வேண்டும். சரியாகச் சொல்கிறானா என்பது பிறகு. இன்றைக்கு அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் இருபது ரைட்டர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள்.

பத்தாவது முடித்திருக்கிறாள். விமானி ஆவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். சேலத்துக்கு விமானம் வந்து போகிறது, அதைப் பார்த்தாளோ, என் புலம்பலைக் கேட்டே வளர்ந்ததால் வந்த ஆசையோ. அவளும் கண்ணாடிதான். அது ஒரு தடை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. ஏழு வயது வரைக்கும் மூச்சிழுப்பு. அப்புறம் வரவில்லை. கணக்கும் இயற்பியலும் உள்ள பிரிவை எடுத்தால்தான் விமானி வழி திறந்திருக்கும். கணக்குப் பாடம் இல்லாத அறிவியல் பிரிவை எடுத்துவிட்டால் அந்தக் கதவை இப்போதே சாத்தின மாதிரி. அவள் அப்பா அந்தப் பிரிவே போதும் என்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளஸ் ஒன் சேர்க்கைப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், எல்லாம் எழுதியாகிவிட்டது. ‘விரும்பும் பாடப்பிரிவு’ என்ற கட்டத்துக்கு வந்தேன். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, வீசிங் இருந்தவங்கள பைலட்டுக்கு எடுப்பாங்களா?”

“எடுக்க மாட்டாங்க” என்றேன். “மேல போனா மூச்சுப் பிரச்சினை வரும். மெடிக்கல்லயே தள்ளிருவாங்க.”

அவ்வளவு வேகமாக, அவ்வளவு உறுதியாக. எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. மகள் தலையை ஆட்டவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ரூலப் பாத்திருக்கியாம்மா?”

என் கையில் பேனா இருந்தது. மூடி மேல் கட்டைவிரல் இருந்தது. அதை நான் அழுத்தி மூடியிருந்தேன். எப்போது மூடினேன் என்று தெரியாது.

எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நொடியில் என் பக்கம் திரும்பியது. இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். திட்டினவளின் வாயில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

“இல்ல சாமி. பாக்கல. எனக்குத் தெரியாது” என்றேன்.

அவள் அப்பா உள்ளேயிருந்து, தெரியாது என்றால் அந்த அறிவியல் பிரிவையே எழுதி முடி என்றார். நான் எழுதவில்லை. விமானிகளைப் பரிசோதிக்க அனுமதி பெற்ற டாக்டர் ஒருவரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வீசிங் பற்றிக் கேட்டேன். நேரில் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள் என்றார். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது! அந்த வார்த்தையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

திங்கட்கிழமை நானும் மகளும் போகிறோம். டாக்டர் முடியாது என்று சொன்னாலும் சொல்லலாம். சொல்லட்டும். பார்த்துவிட்டுச் சொல்லட்டும். புதன்கிழமைக்குள் பாரத்தைப் பள்ளியில் கொடுக்க வேண்டும். இப்போது அது மேசை மேல்தான் கிடக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, ஒன்றைத் தவிர. அதை நான் காலியாகத்தான் விட்டிருக்கிறேன், ரைட்டர் மாமா. திரும்பி வந்தால் வரட்டும்.